எல்லாப் பழியையும் எம்.எஸ். மீது போட வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 43. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்னும் நரம்பு நோய் இருப்பது 11 ஆண்டுகளுக்கு முன் தெரிந்தது. ஆறு ஆண்டுகளாக ஃபிங்கோலிமாட் மாத்திரை எடுத்துவருகிறேன். அண்மையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்புகள் தெரிந்ததால் ஒக்ரலிசுமாப் மருந்துக்கு மாறலாம் என்கிறார் மருத்துவர். இரண்டு மருந்துகளின் குறிப்புத் தாள்களையும் படித்தேன். இரண்டிலும் புற்றுநோய் என்ற சொல் இருக்கிறது. என் அம்மா மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். எம்.எஸ். இருப்பவர்களுக்கே புற்றுநோய் அதிகம் வரும் என்றும் ஒருவர் சொன்னார். பயத்தில் ஒன்பது நாள்களாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மாத்திரையைப் பற்றி மட்டும் உங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதை இங்கும் எழுதுகிறேன். ஃபிங்கோலிமாட் மாத்திரையை மருத்துவருக்குத் தெரியாமல் நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு எம்.எஸ். முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் திரும்பி வருகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் இதற்காகவே தனி எச்சரிக்கை வெளியிட்டது. இப்படி நேரும்போது பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள் நேர்கிறது, சிலர் இழந்த நடையைத் திரும்பப் பெறுவதே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் வீட்டிலேயே எடுத்து விழுங்கிவிட முடியாது. இம்மருந்தின் முதல் வேளை இதயத் துடிப்பை மெதுவாக்கக்கூடியது என்பதால், முதல் நாள் செய்ததுபோல மருத்துவமனையில் ஆறு மணி நேரம் உட்காரவைத்து நாடியும் இசிஜியும் பார்த்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்பதை ஒளிக்காமல் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்த எண்ணிக்கை தெரியாமல் அவரால் சரியான முடிவு எடுக்க முடியாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதை வீண்பயம் என்று நான் தள்ளிவிடப் போவதில்லை. அம்மா படுக்கையில் கிடந்ததைப் பார்த்தவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும்.

எம்.எஸ். இருப்பதனாலேயே புற்றுநோய் அதிகம் வருமா என்ற கேள்விக்குப் பல நாடுகளில் விடை தேடியிருக்கிறார்கள். விடைகள் ஒன்றுபோல இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் எம்.எஸ். நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களைவிட அவர்களுக்குப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வந்திருந்தது. பிரான்சில் சுமார் 1,40,000 எம்.எஸ். நோயாளிகளையும், அதே வயதும் பாலினமும் கொண்ட நான்கு மடங்கு பொதுமக்களையும் 2012 முதல் 2021 வரை ஒப்பிட்டதில், எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சுமார் 6 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இந்த 6 சதவீதத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எம்.எஸ். உள்ள நூறு பேரில் ஆறு பேருக்குப் புற்றுநோய் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. எம்.எஸ். இல்லாத ஒரு கூட்டத்தில் 100 பேருக்குப் புற்றுநோய் வந்தால், அதே அளவுள்ள எம்.எஸ். கூட்டத்தில் 106 பேருக்கு வரும் என்பதே பொருள். உங்களிடம் ஒருவர் சொன்ன அந்த “அதிகம்” என்ற சொல்லுக்குள் இருப்பது இவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆய்வை உறுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்த விவரங்கள் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் 71 சதவீதம் கூடுதல், மூளைக் கட்டிகள் 68 சதவீதம், கருப்பைவாய்ப் புற்றுநோய் 24 சதவீதம். மறுபக்கம், மார்பகம், பெருங்குடல், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவாகப் பதிவாகியிருந்தது. அவசரமாகப் படிப்பவர், எம்.எஸ். இந்த மூன்று உறுப்புகளையும் காக்கிறது என்று மகிழ்ந்துவிடுவார். எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. இந்த மூன்றுமே பரிசோதனை செய்து தேடிக் கண்டுபிடிக்கிற புற்றுநோய்கள். தேடாத இடத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் தெரியும். குறைவாகப் பரிசோதிக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதுகிறார்கள்.

இதோடு கனடா ஆய்வின் இன்னொரு பக்கத்தைச் சேர்த்துப் படியுங்கள். அங்கே எம்.எஸ். உள்ளவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வந்தது என்றேன் அல்லவா? வந்தவர்களிடமோ, மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் ஆகிய இடங்களில் கட்டி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இது தாமதத்தின் அடையாளமாக இருக்கக்கூடும். நோயாளியும் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து, உடம்பில் தோன்றும் எல்லாவற்றையும் எம்.எஸ். கணக்கில் எழுதிவிடுவதால் வரும் தாமதம் அது.

நானும் அப்படி எழுதியவன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் அம்மையாருக்கு மலச்சிக்கல் கூடியது, களைப்பும் கூடியது. இரண்டும் எம்.எஸ். நோயின் அன்றாடத் தொல்லைகள். ஏழு மாதங்கள் நான் மலமிளக்கியை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். வேறொரு காரணத்துக்காக ரத்தம் பரிசோதித்த இளம் மருத்துவர் ஒருவர்தான், ரத்தசோகை இவ்வளவு ஏன் என்று கேட்டார். பெருங்குடலில் கட்டி இருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது, அவர் பிழைத்தார். ஆனால் அந்த ஏழு மாதங்களை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறுநீர்ப்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எம்.எஸ். தண்டுவடத்தைத் தாக்கும்போது சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு குலைகிறது. முழுவதும் வடியாமல் தேங்கும் சிறுநீரில் அடிக்கடி தொற்று வருகிறது. சிலருக்குக் குழாய் செருக வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விட்டுவைக்கும் குழாயும், திரும்பத் திரும்ப வரும் தொற்றும் சிறுநீர்ப்பையின் உட்சுவரை ஓயாமல் உறுத்துகின்றன. அந்த உறுத்தல்தான் காலப்போக்கில் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். முன்பு எம்.எஸ். நோய்க்குக் கொடுத்துவந்த சைக்ளோபாஸ்பமைட் மருந்தும் சிறுநீர்ப்பையைப் பதம்பார்க்கக்கூடியது. இங்கேதான் அந்தப் பழைய தவறு திரும்ப நடக்கிறது. சிறுநீரில் ரத்தம் கண்டால், “வழக்கமான தொற்றுதான்” என்று ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. ரத்தம் நிற்கிறது. இரண்டு மாதத்தில் மீண்டும் வருகிறது, மீண்டும் ஆன்டிபயாடிக். கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் ரத்தம் வந்தால், அது ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், தொற்று என்று முடிவுகட்டிவிடாமல் சிறுநீரக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. எம்.எஸ். உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் அறிவுரைதான் சொல்லலாம் என்று என்னை யாராவது கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன்.

மூளைக் கட்டி என்றதும் கலங்கிவிடாதீர்கள். உங்களுக்கு ஆண்டுதோறும் மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், மற்றவர்களுக்கு எடுப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் இருந்துவிடக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகளும் அதில் தெரிந்துவிடுகின்றன. அந்த எண்ணிக்கை உயர இதுவும் ஒரு காரணம். எம்.ஆர்.ஐ. எடுப்பதனாலேயே புற்றுநோய் வருமோ என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வராது. அது காந்தப் புலத்தாலும் ரேடியோ அலைகளாலும் இயங்குவது, அதில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை.

அடுத்து மருந்துகள். உடம்பில் அவ்வப்போது தோன்றும் கெட்டுப்போன செல்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் ரோந்து சுற்றி அழித்துக்கொண்டே இருக்கிறது. எம்.எஸ். நோயில் அதே மண்டலம் நரம்பின் உறையைக் கடிப்பதால் அதை அடக்க வேண்டியிருக்கிறது. அடக்கினால் ரோந்தும் குறையுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் எல்லா மருந்துகளும் ஒரே விதமாக அடக்குவதில்லை. நீங்கள் எடுக்கும் ஃபிங்கோலிமாட், வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவை நிணநீர் முடிச்சுகளுக்குள் பூட்டிவைக்கிறது. அதனால் தோலில் வரும் பேசல் செல் புற்றுநோய் சிலருக்கு வருகிறது, அரிதாக மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயும் வருகிறது. மருந்து தொடங்கும்போதும், பிறகு 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறையும் தோலைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் உங்களை எத்தனை முறை தோல் மருத்துவரிடம் அனுப்பினார்கள்? ஒரு முறைகூட இல்லையென்றால் உங்கள் பயத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். ஆறாத சிறு புண், முத்துப்போலப் பளபளக்கும் கொப்புளம், நிறமோ ஓரமோ மாறிவரும் மச்சம் ஆகியவற்றைக் கவனியுங்கள். கருநிறத் தோல் உடையவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் தோன்றும். நமக்கெல்லாம் அது வராது என்று நினைத்து அந்த இடங்களை யாரும் பார்ப்பதில்லை. காலில் உணர்வு குறைந்திருந்தால் வீட்டில் ஒருவரை மாதம் ஒரு முறை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒக்ரலிசுமாப் வேறு வகை. அது பி செல்கள் என்னும் ஒரு பிரிவை மட்டும் குறிவைக்கிறது. புற்றுநோய்க்கு எதிரான ரோந்தில் முக்கியப் பங்கு வகிக்கும் டி செல்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பிறகு ஏன் குறிப்புத் தாளில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது? 2017இல் அனுமதி பெறும் முன் நடந்த ஆய்வுகளில், இம்மருந்தைப் பெற்ற 781 பெண்களில் 6 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒப்பீட்டுக்காக வேறு மருந்தோ போலி மருந்தோ பெற்ற 668 பெண்களில் ஒருவருக்கும் வரவில்லை. இதை மறைக்காமல் தாளில் அச்சிட்டது சரியான செயல். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் விளையாடும். அதன்பின் பல ஆண்டுகள் பெருந்திரளான பெண்களுக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், பொதுமக்களைவிட மார்பகப் புற்றுநோய் அதிகமாகவில்லை. இதே முறையில் செயல்படும் ரிட்டுக்சிமாப் மருந்தைச் சுவீடனில் எம்.எஸ். நோய்க்குப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள். அங்கே 2020இல் வெளியான ஆய்விலும் அம்மருந்தால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதே ஆய்வில் ஃபிங்கோலிமாட் மீதுதான் லேசான சந்தேகம் எழுந்தது. ஆகவே புற்றுநோய்க் கோணத்தில் மட்டும் பார்த்தாலும், உங்கள் மருத்துவர் சொல்லும் மாற்றம் உங்களுக்குக் கேடு செய்யும் மாற்றம் அல்ல. என் கருத்தைக் கேட்டால், மாறுங்கள் என்றே சொல்வேன். புதிய தழும்புகள் கண்ணெதிரே இருக்கின்றன. மருந்தின் மீதுள்ள சந்தேகமோ ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துவருகிறது.

மற்ற மருந்துகளைப் பயன்படுத்துபவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சில வரிகள். 1990களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் இன்டர்ஃபெரான், கிளாட்டிரமர் ஊசிகளால் புற்றுநோய் கூடவில்லை. அலெம்டுசுமாப் பெற்றவர்கள் தைராய்டையும் தோலையும் கவனிக்க வேண்டும். கிளாட்ரிபின் மருந்துக்குப் புற்றுநோய்க் கவலையால் முதலில் ஐரோப்பாவில் அனுமதி மறுக்கப்பட்டு, கூடுதல் தரவுகளைப் பார்த்தபின் 2017இல் வழங்கப்பட்டது. ஆனால் புற்றுநோய் இருக்கும்போது அதைத் தரக் கூடாது. முன்பு மைட்டோசான்ட்ரோன் பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது, நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒன்றைக் கேட்கிறேன். கடைசியாக எப்போது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தீர்கள்? உங்கள் வயது 40ஐத் தாண்டிவிட்டது. தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. எம்.எஸ். தரும் 6 சதவீதத்தையும் மருந்துத் தாளில் உள்ள ஆறு பேரையும் எண்ணித் தூக்கம் இழந்த நீங்கள், இந்த இரு மடங்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. புதிய மருந்து தொடங்கும் முன் மேமோகிராம் எடுத்துவிடுங்கள். நின்றுகொண்டு எடுப்பது கடினம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடியும் எடுக்கலாம். கூடுதல் நேரம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. நடக்க முடியாத பெண்களை “பிறகு பார்க்கலாம்” என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. அப்படி அனுப்பினால் திரும்பி வராதீர்கள், வேறு நாள், வேறு ஏற்பாடு என்று கேளுங்கள்.

கருப்பைவாய்ப் பரிசோதனையும் அப்படியே தள்ளிப்போகிற ஒன்று. தொடை இறுகிக்கொள்வதால் பல பெண்கள் அதை நினைத்தாலே அஞ்சுகிறார்கள். தசை இறுக்கத்துக்கு எடுக்கும் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பரிசோதனையை வைத்துக்கொள்ளலாம், ஒருக்களித்துப் படுத்தும் செய்யலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியைத் தேடும் பரிசோதனைக்கு நீங்களே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது, உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றிருக்கிறது. ஃபிங்கோலிமாட் எடுப்பவர்களிடம் இந்தக் கிருமியால் மருக்களும் கருப்பைவாய் மாற்றங்களும் காணப்பட்டிருப்பதால் உங்களுக்கு இது கட்டாயம் தேவை. எச்.பி.வி. தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கும் போடலாம். 43 வயதில் அதன் பயன் இளவயதில் கிடைப்பதைவிடக் குறைவுதான், இருந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள். போடுவதாக இருந்தால் ஒக்ரலிசுமாப் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட வேண்டும், பி செல்கள் குறைந்தபின் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. பெருங்குடலுக்கு, கொலனோஸ்கோபிக்கு (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு) முந்தைய நாள் பேதி மருந்து குடித்துக் கழிப்பறைக்கு ஓட முடியாதவர்கள், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம். அதற்கு வீட்டிலிருந்தே மாதிரி கொடுக்கலாம்.

நீங்கள் புகைக்கிறீர்களா என்று தெரியவில்லை. புகைத்தால் விட்டுவிடுங்கள். நுரையீரலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் அது செய்வது எல்லோருக்கும் தெரியும். எம்.எஸ். நோயையும் அது வேகமாக முற்றவைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஒருவேளை என்றாவது புற்றுநோய் வந்துவிட்டாலும், எம்.எஸ். இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்பட வேண்டியதில்லை. அறுவையும் கதிர்வீச்சும் கீமோதெரபியும் எம்.எஸ். நோயாளிகளுக்கும் நடக்கின்றன. நரம்புகளைப் பாதிக்கும் சில மருந்துகளையும், நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடும் புதிய வகை மருந்துகளையும் கொடுக்கும் முன் புற்றுநோய் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை நிறுத்திய தேதி. கடைசியாக எடுத்த மேமோகிராம், கருப்பைவாய்ப் பரிசோதனை, தோல் பரிசோதனை ஆகியவற்றின் ஆண்டு, எடுக்கவில்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். ஆறு மாதத்தில் உடம்பில் புதிதாக வந்தவை, அவை எம்.எஸ். என்று நீங்களே முடிவுசெய்தவையாக இருந்தாலும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வயதில் வந்தது, ஒரு மார்பகத்திலா இரண்டிலுமா, அவருடைய சகோதரிகளுக்கோ தாய்க்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று கேளுங்கள். மரபணுப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்பதை அந்தப் பதில்களை வைத்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும். மாத்திரையை நிறுத்தியதையும் அப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.